சண்டை தொடங்கிய நேரம்

நான் தினக்குறிப்பு எழுத ஆரம்பித்தது என் மனைவியை மாட்டிவிடுவதற்காக. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தன்னை அறிய வேண்டும், மனதைச் செப்பனிட வேண்டும் என்று நோட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள், நன்றாக இருக்கட்டும். நான் வாங்கியது சாட்சிக்கு. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் 'காய்ச்சல்' என்று ஒரு வார்த்தையாவது இருக்கும். தினம் எழுதுகிற பழக்கம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், யாரையாவது மாட்டிவிட நினைத்து ஆரம்பியுங்கள், தானாக வந்துவிடும் என்பேன். மாட்டப்போவது யார் என்பது பிறகுதான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் கொடிமேடையில் எனக்கு வேலை. பெரிய கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போகும், வரும். கப்பலுக்கும் கரைக்கும் பேச்சு கொடியில். கம்பத்தின் அடியில் ஓர் அறை, ஒரு தொலைநோக்கி, ஒரு சுவர்க்கடிகாரம், தடித்த ஒரு லாக் புத்தகம். புயல் வந்தால் கூண்டு ஏற்றுவதும் நாங்கள்தான். தூத்துக்குடியில் ஒன்றாம் நம்பர் கூண்டு ஏற்றப்பட்டது என்று ரேடியோவில் சொல்வார்களே, அந்தக் கயிற்றை இழுத்த கை இந்தக் கை.

மணிக்கு ஒரு தரம் காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, எந்தக் கப்பல் என்ன கேட்டது, நாங்கள் என்ன பதில் காட்டினோம் என்று லாக்கில் எழுத வேண்டும். இங்கிலீஷில்தான். அதற்கு ஐம்பது அறுபது வார்த்தை போதும். எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதுவதற்குச் சட்டங்கள் உண்டு, அட்டையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். மையில் எழுது. நடந்த உடனே எழுது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. ஒன்றும் நடக்காவிட்டால் 'குறிப்பிட ஒன்றுமில்லை' என்று எழுது, வரியைக் காலியாக விடாதே. தாளைக் கிழிக்காதே. தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடி, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடு.

இன்னொரு வழக்கமும் எங்கள் மேடையில் இருந்தது. ஷிப்ட் மாறும்போது, எழுதினவன் தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது. வேலைக்கு வருகிறவன் உரக்க வாசிப்பான். போகிறவன் நின்றுகொண்டு வரிக்கு வரி 'ஆமா' சொல்ல வேண்டும். எழுதினவனே வாசித்தால் எழுதாததையும் சேர்த்து வாசித்துவிடுவான், அதற்குத்தான். பிறகு வந்தவன் 'பொறுப்பேற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் போகிறவன் சைக்கிளை எடுக்கலாம். நான் எழுதியதை வாசிக்கிறவர் மணப்பாட்டுக்காரர் ஒருவர், ஏறத்தாழ என் வயது. 'வே' போட்டுத்தான் பேசிக்கொள்வோம்.

ஒரு தடவை இரண்டு தோணிகள் கடற்பாலத்து முனையில் இடித்துக்கொண்டன. இரண்டு தண்டல்களும், அதாவது தோணித் தலைவர்களும், ஆபீசுக்கு வந்து ஒருவர் தாயை ஒருவர் இழுத்துச் சண்டை. அதிகாரி லாக்கை வரவழைத்தார். புறப்படாதே என்கிற கொடி இறங்குமுன்னே எந்தத் தோணி கயிற்றை அவிழ்த்தது என்று நான் நிமிடத்தோடு எழுதியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் பஞ்சாயத்து முடிந்தது. இவன் எழுதினா முடிஞ்சுது என்று அதிகாரி சொன்னார். அன்றைக்கு என் தலை கனத்தது. உலகத்தில் எந்தச் சண்டையையும் நிமிடத்தோடு எழுதி வைத்தால் தீர்ப்பு தானாக விழும் என்று நம்ப ஆரம்பித்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். மனைவி ஸ்ரீவைகுண்டத்துக்காரி, ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம், பதினொன்றாம் வகுப்பு முடித்தவள். கடற்கரை ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அப்பா அம்மா இல்லை. என்னை வளர்த்த அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.

எனக்குக் கோபம் வரும். அப்போது நன்றாகவே வரும். ஆனால் கை நீட்டியதில்லை. அதையே ஒரு பெரிய பதக்கமாக நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். முதல் வருடம் அவள் கேலி செய்வாள்: வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே இன்றைக்கு எத்தனாம் நம்பர் கூண்டு என்று தெரிந்துவிடுமாம். நானும் சிரிப்பேன். இரண்டாம் வருடம் அந்தக் கேலி நின்றுபோனது. நின்றதை நான் கவனிக்கவில்லை.

என் கட்சி இதுதான்: சண்டையை ஆரம்பிப்பது அவள். நான் ஏதோ ஒரு வார்த்தை சொல்வேன். பேசாமல் இருப்பாள். மறுபடி கேட்டால் வெடுக்கென்று ஒன்று சொல்வாள், அங்கே பிடிக்கும் தீ. இதை அக்காவிடம் சொன்னால் அவள் என் பக்கம் தலையாட்டுவாள். மனைவியிடம் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். சரி, இவளுக்கும் லாக் போட்டுவிடுவோம் என்று ஒரு நாள் கடைக்குப் போய்க் கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்கினேன். நேரம், நடந்தது, குறிப்பு என்று மூன்று கட்டம். சட்டங்களைத் தமிழில் எழுதி அட்டையின் உட்பக்கம் ஒட்டினேன். வீட்டுக்குக் காற்றுத் திசை தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

மணப்பாட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுக்காரிக்கு லாக் போடுத மொத ஆளு நீருதாம்வே," என்றார். "பொறுப்பேற்க யாரு வருவா?"

எனக்கு அது உறைக்கவில்லை.

முதல் வாரம் இரண்டு நாள் மறந்துபோனேன். மறக்காமல் இருக்க ஒரு வழி செய்தேன். வேலையிலிருந்து வந்ததும் காலைக் கழுவுமுன் நோட்டு. வீட்டில் இருக்கிற நாளில் எது நடந்தாலும் அந்த நிமிடமே நோட்டு. கால் கழுவாமல் சோற்றுப் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே எழுதாமல் சோறு கிடையாது. வயிறு நல்ல வாத்தியார். மூன்றாவது வாரத்தில் கை தானாகப் பேனாவைத் தேடியது. அவள் ஒரு தடவை என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை, எடுத்தும் பார்க்கவில்லை.

நான் பொய் எழுதவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். அவள் சொன்னதை மட்டும் எழுதி, நான் சொன்னதை விட்டிருந்தால் அது லாக் ஆகாது. ஆகவே என் வாயில் வந்ததையும் அப்படியே எழுதினேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு. எழுதியதைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. லாக் முன்னால்தான் போகும். மூன்று மாதம் எழுதினேன், ஒரு பக்கத்தையும் பின்னால் புரட்டவில்லை.

ஒரு வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் ஒரு பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அழவில்லையாம். ஒன்றுதான் சொன்னாளாம்: "அவியளுக்கு நான் வேண்டாம் மதினி. ஏசுறதுக்கு ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்."

பத்து நாள் கழித்து மாமனாரிடமிருந்து கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பேசும்படி. பேசி ஒத்துவராவிட்டால் மகள் இங்கேயே இருக்கட்டும், இரு குடும்பமும் மரியாதையாகப் பிரிந்துகொள்ளலாம் என்று கடைசி வரி. அந்த வரியை நாலு தடவை படித்தேன். அவள் இல்லாத பத்து நாளில் வீடு என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியும். அவள் திரும்பி வர வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பு அவள் பேரில் என்று நிரூபித்துவிட்டால் வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். இப்படியும் ஒருவன் கணக்குப் போடுவானா என்று நீங்கள் கேட்கலாம். நான் போட்டேன்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். நோட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியில் கனம் இருந்ததே தைரியம்.

மாமனார் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தோம். மாமனார் நாற்காலியில், நான் எதிரே, அக்கா பாயில். மாமியார் அடுக்களை வாசலில் நின்றுகொண்டார். என் மனைவி அவருக்குப் பின்னால். பத்து நாளில் அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

மாமனார் காப்பி குடிக்கச் சொன்னார், வெயிலைப் பற்றிப் பேசினார், மெல்ல விஷயத்துக்கு வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வாய்ப்பேச்சு வேண்டாம் மாமா, மூன்று மாதத்துக்கு எழுத்தில் இருக்கிறது என்று துண்டை அவிழ்த்தேன். எங்கள் ஆபீஸ் முறையை விளக்கினேன். தோணி இடித்த கதையையும் சொன்னேன். எழுதினவன் வாசிக்கக் கூடாது, வேறு ஆள் உரக்க வாசிக்க வேண்டும், நான் வரிக்கு வரி ஆமா சொல்வேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றேன். மாமனார் அதை மறுக்கவில்லை.

வாசிப்பது யார்? மாமனாருக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. மாமியாருக்குப் படிப்பில்லை. அக்கா மூன்றாம் வகுப்பு. என் எழுத்தைத் தடுக்கி விழாமல் வாசிக்கக்கூடியவள் அந்த வீட்டில் ஒருத்திதான். எனக்கென்ன பயம்? அவளே வாசிக்கட்டும் என்று நோட்டை நீட்டினேன். அந்த நேரம் என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் வந்து தூணோரம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் ஆரம்பித்தாள்.

"மாலை ஆறு இருபது. வீட்டுக்கு வந்தேன். காப்பி ஆறியிருந்தது. அதைச் சொன்னேன். அவள் பேசவில்லை. மாடுகூட இதைக் குடிக்காது என்றேன். அவள் பேசவில்லை. டம்ளரைத் தள்ளினேன். காப்பி கொட்டியது. அவள், இப்ப நான் என்ன செய்யணுங்கிய என்றாள். சண்டை தொடங்கியது."

ஆமா என்றேன். கேட்டியளா என்று அக்கா மாமனாரைப் பார்த்தாள்.

"காலை ஏழு ஐந்து. சட்டையில் பட்டன் இல்லை. கண் அவிஞ்சா போச்சு என்றேன். அவள் தைத்தாள். விரலில் ஊசி குத்தியது. பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைக்காதே என்றேன். அவள், எம் மூஞ்சி இதுதான் என்றாள். சண்டை தொடங்கியது."

ஆமா என்றேன். அக்கா இந்தத் தடவை மாமனாரைப் பார்க்கவில்லை.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. குழம்பில் உப்பு, கதவில் தாழ்ப்பாள், அவள் தம்பியிடமிருந்து வந்த கடிதம். ஒவ்வொன்றிலும் மூன்று வரி, நாலு வரி நான். பிறகு ஒரு வரி அவள். உடனே 'சண்டை தொடங்கியது.' என் வார்த்தைகளை அவள் குரலில் கேட்க எனக்குக் காது கூசியது. எழுதும்போது அந்த வார்த்தைகளுக்கு இத்தனை நீளம் இல்லை, சத்தியமாக இல்லை. ஏழாவதோ எட்டாவதோ வரும்போது 'ஆமா' சொல்லாமல் தரையைப் பார்த்தேன். ஆமா சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முறையில்லை என்று நானே சொல்லியிருந்தேன் அல்லவா? அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள். சொன்னேன்.

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஏலே, அவ வாயைத் தொறக்கதுக்கு முன்னாடியே நீ பாதிப் பக்கம் பேசிருக்கியலே."

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் அதே குரலில் வாசித்தாள்.

"மாலை ஆறு முப்பது. வீட்டுக்கு வந்தேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். வாயை மூடு என்றேன். மூடினாள். குறிப்பிட ஒன்றுமில்லை."

அங்கே நிறுத்தினாள். நான் ஆமா என்றேன். அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை. விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

"அன்னைக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

"எனக்கும் மறந்துபோச்சு," என்றாள்.

அதைச் சொன்னபோதும் அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணை மறைத்தது. சண்டை போட்ட நாளெல்லாம் பரவாயில்லை, அவள் இரண்டு வார்த்தையாவது பேசியிருக்கிறாள். எத்தனை நாள் இப்படி மூடிய வாய்க்குள்ளேயே செத்துப்போன பேச்சு இருக்கும்? அதையெல்லாம் நான் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, நல்ல நாள் கணக்கில் வைத்திருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, இதுல நாங்க கேக்கதுக்கு என்ன இருக்கு? எல்லாத்தையும் நீங்களே எழுதிக் கொண்டாந்துட்டிய," என்றார். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் நான் எழுந்து சண்டைக்குப் போயிருப்பேன்.

நோட்டைக் கொடு என்று வாங்கினேன். கிழித்துவிடுவேன் என்று அக்கா பயந்து கையைப் பிடித்தாள். லாக்கை யார் கிழிப்பார்? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த நோட்டில் நான் கண்ணால் காணாமல், காதால் கேளாமல், நினைத்து எழுதியது ஒரே ஒரு வரிதான்: சண்டை தொடங்கியது. சட்டத்துக்கு விரோதமான வரி. முதல் பக்கத்தில் அதன்மேல் ஒரு கோடு போட்டேன், படிக்கத் தெரிகிற மாதிரி. 'மாடுகூட இதைக் குடிக்காது' என்ற வரிக்கு முன்னால் அதையே சின்ன எழுத்தில் எழுதினேன். பக்கத்தில் கையெழுத்து. அடுத்த பக்கம். அதற்கடுத்தது. எல்லாருமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். பதினேழு இடம் இருந்தது. பதினேழிலும் கோடு, பதினேழிலும் கையெழுத்து. செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் 'குறிப்பிட ஒன்றுமில்லை' என்பதை அடித்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெறும் கையெழுத்துப் போட்டேன்.

அவளிடம், வா போகலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே பேசினாள்.

"ஒரு மாசம் எழுதுங்க. நான் இல்லாம எழுதுங்க. அங்கன யாரு சண்டையைத் தொடங்குதான்னு பாப்போம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னோடு பேசவில்லை. பேசினால் நான் எழுதிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

அவள் போன பத்து நாளும் 'குறிப்பிட ஒன்றுமில்லை' என்றே எழுதியிருந்தேன், ஆளில்லாத வீட்டில் வேறென்ன எழுதுவது என்று நினைத்தேன். முதல் நாளே விஷயம் கிடைத்தது. நானே காப்பி போட்டேன். பேப்பர் படிப்பதற்குள் ஆறிவிட்டது. சீ, என்று டம்ளரைத் தள்ளினேன். நானே துடைத்தேன். எழுதினேன். சண்டை தொடங்கியது, தொடங்கியது நான், எதிராளி யாருமில்லை. பட்டன் அறுந்தது, சட்டையைச் சுவரில் வீசினேன், எழுதினேன். வாளி தட்டியது, வாளியை உதைத்தேன், எழுதினேன். காலில் ரத்தம், அதையும் எழுதினேன். இப்படியே இரண்டு வாரம். சுவரோடும் வாளியோடும் சண்டை போடுகிற ஒரு மனுஷன் அந்த நோட்டில் இருந்தான். நல்லவேளை, வாளி பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு காரியம் செய்தேன். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். கோபம் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. நாலைந்து நாள் சும்மா இருக்கிறது, பிறகு இரண்டு நாள் கொந்தளிக்கிறது. கடலுக்கு ஒரு காரணம் இருக்கும். காற்று மாறியிருக்கும், எங்கோ தாழ்வு நிலை இருக்கும். எனக்கு என்ன? காற்றுக்குக் கட்டம் வைக்காமல் விட்டது என் தப்பு என்று தோன்றியது. ஒவ்வொரு தேதிக்கும் அன்று ஆபீசில் என்ன நடந்தது என்று மணப்பாட்டுக்காரரோடு உட்கார்ந்து யோசித்தேன். அவருக்கு ஞாபகசக்தி அதிகம். நாலு தேதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு முன்னமே விளங்கியிருக்கும் போல.

ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கப்பல் நேராகக் கரைக்கே வரும், கொடிக்கு அவ்வளவு வேலை இருக்காது, பேச்செல்லாம் ஒயர்லெஸ் பெட்டியில் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழக்கத்துக்காக ஒரு பெட்டியை எங்கள் அறையிலேயே வைத்து, வாரத்தில் இரண்டு நாள் எங்களைப் பேச விட்டார்கள். நான் கொந்தளித்த தேதியெல்லாம் அந்த நாட்கள்தான். கரகரவென்று வெளிநாட்டுக் கேப்டன் குரல் வரும். ஐம்பது அறுபது வார்த்தை இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுதச் சொன்னால் எழுதுவேன், அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டி நாளில் மணப்பாட்டுக்காரரும் பகலிலேயே வந்திருப்பார், என் கையிலிருந்து வாங்கிப் பேசிவிடுவார். நான் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுப்பேன். வீட்டுக்கு வந்து காப்பி ஆறியிருக்கிறது என்பேன்.

அன்று மாலை காலைக் கழுவாமல் நோட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை எழுத வேண்டும், சட்டம் இடம் கொடுக்குமா என்று யோசனை. நினைத்ததை எழுதக் கூடாது. ஆனால் பெட்டி கூப்பிட்டபோது என் கை நடுங்கியதை என் கண்ணால் கண்டேன். நெஞ்சு அடித்ததைக் காதால் கேட்டேன். ஆகவே இது நடந்தது என்று தீர்மானித்து எழுதினேன்: 'மதியம் இரண்டு பத்து. பெட்டி கூப்பிட்டது. பயமாக இருந்தது.' பக்கத்தில் தேவையில்லாமல் கையெழுத்தும் போட்டேன். எழுதி முடித்ததும் பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். பசித்தது. கால் கழுவிச் சாப்பிட்டேன். அன்று எதையும் உதைக்கவில்லை.

ஒரு மாதம் முடிந்து வந்த ஞாயிறு ஸ்ரீவைகுண்டம் போனேன். தனியாகத்தான் போனேன். இந்தத் தடவை தீர்ப்புக் கேட்கப் போகவில்லை. வரமாட்டேன் என்று சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு திரும்புவது என்று முடிவு. அவள் நோட்டை வாங்கிக் கொல்லைப்புறக் கிணற்றடியில் உட்கார்ந்து மனதுக்குள்ளேயே வாசித்தாள். வாளியை உதைத்த இடத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இதை எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா," என்றாள்.

ஆமா என்றேன். ஒரு மாதத்துக்கு முன் நடுக்கூடத்தில் சொன்ன ஆமாக்களைவிட அது சுலபமாக வந்தது.

அவள் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு நான் புதுத் துறைமுகத்துக்குப் போனேன், பெட்டியில் பேசக் கற்றுக்கொண்டேன், மாலையில் அவள் கப்பலாகவும் நான் கரையாகவும் இருந்து இங்கிலீஷ் பழகினோம், ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டியில் நான் பேசாத நாடில்லை. அது நான் எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற கதை. எனக்கு முக்கியம் அன்றைக்கு மாலை.

பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியதும் அவள், இங்கேருங்க, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு வருடப் பழக்கம், அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

சொல்லு, என்றேன்.

ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. சொல்லு என்று மறுபடி சொன்னேன், இந்தத் தடவை என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆரம்பித்தாள். பெரிய விஷயம் எதுவுமில்லை. பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதும், மடையில் தண்ணீர் விடுவதில் அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மனத்தாங்கல் வந்ததும், தம்பி இனி படிக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பதும். வாழைத்தோட்டமெல்லாம் முடிந்து உப்பளம் தெரிகிற வரைக்கும் பேசினாள். எனக்கு இரண்டு இடத்தில் கொட்டாவி வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டது நான்.

வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவுமுன் நோட்டை எடுத்தேன். 'மாலை ஐந்து நாற்பது. பஸ்ஸில் அவள் சொல்ல வந்தாள். சொன்னாள். கேட்டேன்' என்று எழுதி மூடப்போனேன். அவள் அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"காதால கேட்டதை எழுதணும்னு அட்டையில ஒட்டிருக்கிய. நான் சொன்னது எங்க?"

சட்டம் சட்டம்தானே. மறுபடி உட்கார்ந்தேன். கன்றிலிருந்து ஆரம்பித்தேன். அது காளையா கிடாரியா என்று கேட்டு எழுதினேன். மடை, சித்தப்பா, தம்பி, எல்லாவற்றையும் எழுத நாலு பக்கம் ஆயிற்று. நடுவில் இரண்டு இடம் நான் தப்பாக எழுதியிருந்ததை அவள் திருத்தினாள்; கோடு போட்டு, பக்கத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

எழுதி முடித்துப் பார்க்கும்போது காப்பி ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தேன்.